சாலைகளின் மேல் ஒரு பந்தயத் தடம்

அன்று காலை வேன் ஓட்டுநர் அண்ணன் கூப்பிட்டபோது நான் வாங்கி வந்த கோப்பியின் மூடியை இன்னும் திறக்கவில்லை.

"தம்பி, இந்த ஃபோன் என்னை எங்க கூட்டிட்டுப் போவுது? ராஃபிள்ஸ் பொலிவார்ட் இதோ கண்ணுக்கு எதுக்கவே இருக்கு. அதுல போவாத, திரும்பு, திரும்புன்னு ஹைவே பக்கம் தள்ளுது லா."

"ரோடு மூடியிருக்காண்ணே?"

"எங்க மூடியிருக்கு? பஸ் போவுது, டாக்ஸி போவுது. நம்ம ஃபோனுக்கு மட்டும்தான் கண்ணு தெரியல."

சக்கர நாற்காலியில் இருப்பவர்களை வீட்டிலிருந்து வேலைக்கும் மருத்துவமனைக்கும் கூட்டிப்போய் வரும் ஒரு சிறிய வேன் சேவையில் நான் வழித்திட்டம் போடுகிறவன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் எங்கள் அலுவலகம். எந்த வேன் எந்த வழியாகப் போகவேண்டும் என்று சொல்லும் மென்பொருள், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு திறந்த இணைய வரைபடத்தை நம்பி ஓடுகிறது. வேண்டுமென்றேதான் அதைத் தேர்ந்தெடுத்தோம். சரிவுப்பாதை எங்கே இருக்கிறது, எந்த மின்தூக்கி சின்னது, எந்த நடைபாதையில் படி குறுக்கிடுகிறது என்பதையெல்லாம் நாங்களே அதில் குறித்துவைக்கலாம். லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதைகளில் எந்தக் கடைக்கு முன்னால் ஒரு படி கூடுதல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பகுதியில் பாதியை வரைந்தவன் நான்தான்.

வேனுக்குள் இருந்தவர் ஆங் மோ கியோவிலிருந்து தினமும் எங்களோடு வேலைக்குப் போகும் பயணி. முப்பது வயதைத் தாண்டியவர், சின்ன வயதிலிருந்தே மின்சார நாற்காலியில் இருப்பவர், மரினா விரிகுடா ஓரத்து அலுவலகத்தில் மென்பொருள் சோதிப்பவர். ஓட்டுநரின் கைப்பேசியை அவர் வாங்கிப் பார்த்திருக்கிறார்.

"ப்ரோ, மேப்பைத் திறங்க. நம்ம ரோடு ரேஸ் டிராக் ஆயிடுச்சு" என்றார். குரலில் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம்.

திறந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை கார்ப் பந்தயம் நடக்கும் அந்தச் சாலைகளை எல்லாம் யாரோ ஒருவர் முந்தின நாள் நிரந்தரப் பந்தயத் தடமாக மாற்றிவைத்திருந்தார். பந்தயத் தடம் என்று எழுதியிருந்தால் அதில் வேன் போகலாமா என்று கணினி யோசிக்காது. அந்த வழியே இல்லை என்று ஒதுக்கிவிடும். விரிகுடாவைச் சுற்றி எங்கள் வேன்களுக்கு ஒரு பெரிய ஓட்டை விழுந்திருந்தது.

பழையபடி மாற்றிவிட்டு, காரணத்தை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். கோப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

மறுநாள் காலை தடம் திரும்பி வந்திருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: இது பந்தயத் தடம், இங்கே பந்தயம் நடக்கிறது, தயவுசெய்து அழிக்காதீர்கள். நான் அழித்தேன். அவர் வரைந்தார். நான் மறுபடி அழித்தேன். அவர் மறுபடி வரைந்தார். இதற்கிடையில் ஓட்டுநர் அண்ணனிடம் ஃபோன் சொல்வதைக் கேட்கவேண்டாம் என்று சொல்லிவைத்தேன். "நான் எப்பவுமே கேக்குறதில்லயே" என்றார்.

யார்தான் இவர் என்று பார்க்க அவருடைய பழைய திருத்தங்களைத் திறந்தேன். திறந்தவன் மதிய உணவை மறந்தேன். பாலைவனத்தின் நடுவில் ஒரு தடம், காட்டுக்குள் மலையேறி இறங்கும் ஒரு தடம், கடலோரத்தில் ஒன்று, எங்கோ ஒரு பேரங்காடியின் பின்னால் கோ-கார்ட் ஓட்டும் சின்னஞ்சிறு தடம். எல்லாவற்றையும் விண்ணிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துப் பொறுமையாக வரைந்திருந்தார். கார்கள் சக்கரம் மாற்ற ஒதுங்கும் பாதை தனிக்கோடு, வளைவோரத்துச் சரளைப் படுகை தனி நிறம். இத்தனை பொறுமை உள்ளவர் விளையாட்டுக்குக் கெடுப்பவர் இல்லை. ஐரோப்பாவில் எங்கோ அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞன் என்று எனக்குள் ஒரு உருவம் உருவாகியிருந்தது.

அந்த உருவத்தை ஒரு மெய்யெழுத்து கலைத்தது. மலேசியாவில் ஒரு தடத்துக்கு ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரும் போட்டிருந்தார். முடிவில் 'பந்தயத் தடம்' என்று இருந்தது. அந்த 'த்' விடுபடவில்லை. அவர் தமிழ்ப் பெயர் போட்டிருந்த மற்றத் தடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கேயும் அந்த ஒற்று விடுபடவில்லை. ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுகிறவரோடு பேசிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

தமிழிலேயே எழுதினேன். "வணக்கம். உங்கள் தடங்களைப் பார்த்தேன், அருமை. ஆனால் இந்தச் சாலை வழியாகச் சக்கர நாற்காலியில் ஒருவர் தினமும் வேலைக்குப் போகிறார். உங்கள் கோடு அவர் வழியை அடைக்கிறது. பேசலாமா?"

சாயங்காலம் பதில் வந்தது. "வணக்கம். இது எனக்குத் தெரியாது. நான் இங்கேதான், பூன் லேயில் இருக்கிறேன். சனிக்கிழமை தேக்கா சந்தைக்கு மீன் வாங்க வருவேன். நேரில் பேசலாமே."

சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில், இழுத்துச்செல்லும் சந்தைப் பையோடு என் முன்னால் வந்து நின்றவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பல் மருத்துவமனையில் தாதி. பூன் லே பக்கத்துத் தேவாலயத்தில் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துகிறவர்.

"நீங்கதான் அழிக்கிற ஆளா?" என்றார்.

"நீங்கதான் வரையிற ஆளாக்கா?" என்றேன்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தே ஹாலியா என்னும் இஞ்சித் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பந்தயத்தில் எப்படி இவ்வளவு ஆர்வம் என்று கேட்டேன்.

"மொத தடவ இங்க ரேஸ் நடந்தப்ப ஃபர்ஸ்ட் எய்ட் டென்ட்டுக்கு வாலன்டியரா போனேன் தம்பி. டென்ட்டு எங்க போட்டாங்க தெரியுமா? ஒரு சுவத்துக்குப் பின்னால. ஒரு கார்கூட கண்ணுல படல. சத்தம் மட்டும்தான். சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறப்ப தரை அதிரும்ல, அந்த மாதிரி நெஞ்சுக்குள்ள வந்து அடிச்சிச்சு. எங்கேர்ந்து வருது, எங்க போவுது, எங்க திரும்புது, ஒன்னும் புரியல. வீட்டுக்குப் போய் மேப்புல தேடினேன். ஒன்னுமே இல்ல. சரி, நாமளே போடுவோம்னு, கை பழக மொதல்ல வெளியூர்த் தடங்கள வரைய ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்தவே முடியல லா. நம்ம ஊர்த் தடத்துக்கு இப்பதான் வந்து சேர்ந்தேன்."

நான் எங்கள் வேனைப் பற்றிச் சொன்னேன். சாலை தடமானதும் மென்பொருள் அதை எப்படி ஒதுக்குகிறது, பயணி எவ்வளவு சுற்றிப் போகவேண்டியிருந்தது என்று. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"அவரு லேட்டா போனாரா?"

"மீட்டிங் பாதியிலதான் போய்ச் சேர்ந்தாரு."

"அப்ப அந்தக் கோடு அப்படி இருக்கக் கூடாது. மாத்திருவோம். ஆனா தம்பி, தடமே இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. இருக்கு. அதை நான் காதால கேட்டிருக்கேன்."

"இல்லன்னு சொல்லலக்கா. ரோட்ட ரோடாவே விடுவோம். தடத்த மேல போடுவோம்."

அந்த வரைபடத்தில் அதற்கு வழி உண்டு. சாலைத் துண்டுகளைத் தொடாமல், பூக்களை மாலையாகக் கோப்பதுபோல அவற்றை வரிசையாகக் கோத்து, அந்த மாலைக்குப் பந்தயத் தடம் என்று பெயர் வைக்கலாம். வேனுக்கு அது சாதாரணச் சாலை, பந்தய ரசிகருக்குத் தடம். அக்காவுக்கு அது தெரியாது. நிலையான தடங்களையே வரைந்து பழகியவருக்கு, ஊர்ச் சாலையில் ஓடும் தடம் இதுதான் முதல். கையோடு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அவர் வாங்கிய வஞ்சிர மீனை எங்கள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, ஒரே கணினி முன்னால் உட்கார்ந்து துண்டு துண்டாகக் கோத்தோம். பந்தயத்துக்கென்றே கட்டிய பகுதியை மட்டும் தடமாகவே விட்டோம். அங்கே எங்கள் வேனுக்கு வேலை இல்லை. பிறகு மென்பொருளில் வழி கேட்டுப் பார்த்தேன். ராஃபிள்ஸ் பொலிவார்ட் வழியாக நேராகக் காட்டியது. திங்கட்கிழமை வரை குளிர்பெட்டியில் மீன் வாடை இருந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். சில நாளில் வெளிநாட்டு வரைபடக்காரர் ஒருவர் எழுதினார். உலகெங்கும் பந்தயத் தடங்களைக் கண்காணிப்பவர்போல. மரியாதையாகத்தான் கேட்டார்: இந்தத் தடம் இப்படித்தான் போகிறது என்பதற்கு ஆதாரம் என்ன? பந்தயம் நடத்துபவர்கள் வெளியிட்ட படத்திலிருந்து எடுத்திருந்தால் உரிமை அவர்களுடையது, நீக்கவேண்டும். தரையில் கண்ணால் பார்க்கக்கூடிய எதுவும் இல்லை என்றாலும் நீக்கவேண்டும்.

அக்கா உடனே கூப்பிட்டார். "டீவில எத்தனயோ தடவ பாத்திருக்கேனே, அது ஆதாரம் ஆவாதா?"

"ஆகாதுக்கா. ஆனா தடம் எங்க போயிடுச்சு? நம்ம ஊர்லதான் இருக்கு. நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருவோம். அப்புறம் யாரு அழிப்பாங்க?"

விஷயத்தை நம் பயணியிடமும் சொன்னேன். "நடந்து போறீங்களா? நானும் வரேன் ப்ரோ. என்னை ரோட்ட விட்டுத் துரத்துன டிராக்க நான் பாக்க வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை. அக்கா தேவாலயத்தில் காலைப் பூசை முடித்து, பாடகர் குழுச் சேலையோடு, காலில் மட்டும் ஓட்டக் காலணி போட்டு வந்தார். பாடாங் திடலுக்குப் பக்கத்தில் வேன் எங்களை இறக்கிவிட்டது. அக்காவும் பயணியும் அப்போதுதான் முதன்முறை சந்தித்தார்கள். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள ரொம்ப சுத்த வச்சிட்டேன்பா."

"பரவால்ல ஆன்ட்டி. இன்னைக்கு ஒரே ஒரு சுத்துதானே" என்றார் அவர்.

கைப்பேசியில் போகும் பாதையைப் பதிவுசெய்யும் செயலியை இயக்கி, நாற்காலியின் கைப்பிடியில் கட்டினோம். பந்தயக் கார்கள் ஓடும் அதே திசையில், நடைபாதை வழியே கிளம்பினோம். பந்தயம் இல்லாத நாளில் அந்தச் சாலை மற்றச் சாலைகளைப் போலத்தான் இருக்கும். சுற்றுலாப் பயணிகள், பேருந்துகள், திருமணப் படம் எடுக்க வந்த ஜோடி. ஆனால் அக்காவோடு நடந்தால் வேறு மாதிரி தெரிந்தது.

"இங்க பிரேக்கு!" என்பார். பயணி சட்டென்று வேகத்தைக் குறைப்பார். "இப்ப விடுங்க!" என்றதும் நாற்காலி சீறிக்கொண்டு போகும். நானும் அக்காவும் பின்னால் ஓடுவோம். பாலத்தைத் தாண்டும்போது அக்கா நெற்றி வேர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, இந்த வளைவில் எந்த மழையில் யார் சுவரில் மோதினார் என்ற கதையை மூச்சுவாங்கச் சொன்னார். பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

சிக்கல் இரட்டைச் சாலையில் வந்தது. நடுவில் தடுப்புத் திட்டு, இரண்டு பக்கமும் சாலை. கார்கள் எந்தப் பக்கம் ஓடும்? அக்கா ஒரு பக்கம் சொன்னார், எனக்குச் சந்தேகம். தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்து அவருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நின்று விவாதித்துக்கொண்டிருந்தபோது பயணி கொஞ்சம் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"ப்ரோ, இங்க வந்து பாருங்க. தரையில வரிசையா மூடி."

நடைபாதையோரம் வட்டமான சின்ன மூடிகள், ஒரே இடைவெளியில். பந்தய நாட்களில் வேலித் தூண்களைச் செருகுவதற்கு விட்ட குழிகள். சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அவை இருந்தன. மறுபக்கம் போய்ப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு மூடியைத் தடவிப் பார்த்தார். "நான் சொன்ன சைடு இல்ல" என்றார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. "டீவிய நம்பியிருந்தா தப்பா போட்டிருப்பேன்!"

அதன்பிறகு மூடிகளைத் தேடுவதுதான் வேலை. நான் படம் எடுத்தேன், பயணி இடத்தைப் பதிவுசெய்தார். வழியில் ஓர் இடத்தில் நடைபாதை சரிவில்லாமல் படியாக முடிந்தது. நாற்காலி இறங்க முடியாமல் திரும்பி வேறு வழியில் போகவேண்டியிருந்தது. அதையும் குறித்துக்கொண்டோம். அக்கா குனிந்து அந்தப் படியின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார். பிறகு, "இனிமே நான் வரையிற எடத்துல எல்லாம் இதையும் பாக்குறேன்" என்றார்.

பந்தயத்துக்கென்றே கட்டிய பகுதியின் வாசலில் வேலி பூட்டியிருந்தது. உள்ளே ஏதோ நிகழ்ச்சிக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். காவலாளி தமிழர்.

"உள்ள போவ முடியாதும்மா. கான்ட்ராக்டர் பாஸ் இருந்தாதான் விட முடியும்."

"ஒரு நிமிஷம்பா. அந்த ஸ்டார்ட் லைன மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்."

"விட்டா என் வேல போயிரும்மா. இங்கேர்ந்தே பாருங்க, தெரியும்."

அக்கா வற்புறுத்தவில்லை. வேலிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அகலமான கருந்தரை, நேராக, வெறிச்சென்று. உதடு மட்டும் அசைந்தது. கார்களின் சத்தத்தை மெல்ல வாய்க்குள் எழுப்பிப் பார்க்கிறார் என்று புரிந்தது. பாடகர் அல்லவா, சுருதி சரியாகவே இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் நாற்காலியின் மின்கலம் தளர்ந்து சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த எடையைத் தள்ளிப்போவது எங்களால் ஆகாத காரியம். மழைமரத்து நிழலில் ஒதுங்கி ஓட்டுநர் அண்ணனை அழைத்தோம். வந்து கதவைத் திறந்தவர் எங்கள் மூன்று பேர் கோலத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"ரேஸ் முடிஞ்சிச்சா? யாரு ஜெயிச்சா?"

"நான்தான். இவங்க ரெண்டு பேரும் நடந்துதானே வந்தாங்க" என்றார் பயணி.

படங்களையும் பதிவுசெய்த பாதையையும் ஏற்றினோம். பூட்டிய பகுதியைப் பற்றி, 'உள்ளே சென்று பார்க்கவில்லை, விண்படத்திலிருந்து வரைந்தது' என்று அக்கா நேர்மையாக எழுதினார். வெளிநாட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இனி இதை யாரும் தொடமாட்டார்கள் என்று பதில் போட்டார். தடத்தோரமாக நாங்கள் குறித்திருந்த சரிவுப்பாதைகளைப் பற்றியும் விசாரித்தார். தன் ஊர்ப் பந்தயச் சாலையிலும் அப்படிச் செய்யப்போவதாகச் சொன்னார். அக்கா அதை எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். இரண்டு முறை.

அந்த ஆண்டுப் பந்தயத்துக்கு முன்னால் வழக்கம்போல வேலிகள் எழும்பின. முன்பெல்லாம் அந்த வாரங்களில் எங்கள் வேலை தலைகீழாகிவிடும். எந்தச் சரிவு எப்போது அடைபடும் என்று தெரியாது. இந்த முறை பயணி அலுவலகத்துக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்ததை அனுப்பினார். அக்கா நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த இடைவேளையில் வரைபடத்தில் மாற்றினார். நான் வேனின் இறங்குமிடத்தை வேலிக்கு வெளியே, மின்தூக்கி உள்ள சுரங்கப்பாதைப் பக்கம் மாற்றினேன். ஒருநாள்கூட அவர் தாமதமாகப் போகவில்லை. அவருடைய மேலாளருக்குத்தான் தாமதம். அவர் சொந்தக் காரில் வருபவர்.

பந்தயம் முடிந்து சில வாரம் கழித்து மூன்று பேரும், ஓட்டுநர் அண்ணன் விடுமுறை எடுத்து வண்டி ஓட்ட, காஸ்வே பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போனோம். அங்கே ஒரு கோ-கார்ட் தடம் வரைபடத்தில் வெறும் பொட்டல் நிலமாக இருப்பதை அக்கா கண்டுபிடித்திருந்தார். பழைய விண்படத்தை வைத்து முந்தின இரவு நானே ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன். இப்போது எனக்கும் கை பழகிவிட்டது. வேலிக்கு வெளியே கைப்பேசியோடு சுற்றிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, தடத்தை நடத்தும் தமிழர் என்ன வேண்டும் என்று கேட்டார். பயணி திரையைக் காட்டி விளக்கினார். தன் தடம் உலக வரைபடத்தில் ஏறப்போகிறது என்று புரிந்ததும் அவர் அக்காவிடம் ஒரு தலைக்கவசத்தை நீட்டினார்.

"ஓட்டிப் பாருங்கம்மா. காசு வேணாம்."

அக்கா பின்வாங்கினார். "ஐயோ, எனக்கு லைசென்ஸ்கூட இல்லப்பா. சைக்கிள்கூட ஒழுங்கா ஓட்ட மாட்டேன்."

"இதுக்கு எதுக்கு லைசென்ஸ்? ரெண்டே பெடல். ஒன்னு போக, ஒன்னு நிக்க."

"ஆன்ட்டி, ஏறுங்க. நான் டைம் பாக்குறேன்" என்றார் பயணி.

ஏறினார். முதல் சுற்று, பூங்காவில் குழந்தை வண்டி தள்ளுவதுபோல. நாங்கள் கை தட்டினோம். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் துணிச்சல். அடுத்த சுற்றுக்கு எங்களைத் தாண்டும்போது அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது, கண் அடுத்த வளைவில் இருந்தது. ஓட்டுநர் அண்ணன், "இவங்களா சைக்கிள் ஓட்டத் தெரியாதவங்க?" என்றார். எத்தனை சுற்று ஓட்டினார் என்று எண்ணுவதை விட்டுவிட்டோம். தடத்துக்காரரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கடைசியில் வந்து நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றினார். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. எப்படி இருந்தது என்று நான் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அவர் என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, திரையில் என் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, இந்த மூனாவது வளைவு நீங்க போட்டிருக்கிறது தப்பு. இது இன்னும் உள்ள மடங்குது. மாத்துங்க."

அங்கேயே நின்று மாற்றினேன்.